நாய்க்கயிறும் நடுகல்லும்

(முன்னாள் மாணவர் சங்கக் குடும்ப சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2009-இல் சிவில் பிரிவில் தேறி வெளியே போனவன். தேறினேன் என்று சொல்வதைவிட, தள்ளிவிட்டார்கள் என்று சொல்வது பொருத்தம். என் வகுப்புத் தோழர்கள் இந்தச் சிரிப்பிலேயே சாட்சி சொல்லிவிட்டார்கள். "உன் பொழுதுபோக்கைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசு" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். என் பொழுதுபோக்கு பொம்மை செய்து சேர்ப்பது. இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன் பொம்மை வைத்து விளையாடுகிறான் என்று வீட்டில் ஏற்கெனவே பேச்சு இருக்கிறது. இன்று மேடையிலும் ஒத்துக்கொள்கிறேன்.

இதோ, இந்த மேசை மேல் இருக்கிறவை அவற்றில் இரண்டு. இவற்றின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். நடுவில் என் தொழிலில் நான் செய்த ஒரு தப்பும் வரும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

திருவிழாக் கடையில் வாங்கிய வீரர்கள்

சின்ன வயதில் சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு அப்பா கூட்டிப் போவார். ராட்டினம், பொரி, வளையல் கடை எல்லாம் தாண்டி ஒரு பிளாஸ்டிக் கடையில் பையில் கட்டித் தொங்கவிட்ட பொம்மைகள் இருக்கும். ஒரு பையில் பாதி துப்பாக்கிக்காரர், பாதி இறகு வைத்த செவ்விந்தியர். எனக்கு எப்போதும் செவ்விந்தியர்தான் வேண்டும். காரணம், சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ். டெக்ஸ் வில்லர் கதைகளைப் படித்தவர்கள் இந்த அரங்கில் கை தூக்கலாம். பரவாயில்லை, பேராசிரியர்கள் வரிசையிலும் இரண்டு கை தெரிகிறது!

அந்தப் பொம்மைகள் எல்லாம் ஒரே அச்சு. எல்லோர் தலையிலும் முதுகு வரை தொங்கும் கழுகு இறகுக் கிரீடம். எந்த இனம், எந்த ஊர், என்ன பெயர் எதுவும் கிடையாது. நம்ம சினிமாவில் கிராமத்தான் என்றால் ஒரு பெரிய மீசையை ஒட்டிவிடுகிற மாதிரிதான். பிற்பாடு படித்தபோதுதான் அமெரிக்கச் சமவெளியில் வாழ்ந்த செயென் மக்களைப் பற்றியும், அவர்களுடைய வீரர் சங்கங்களைப் பற்றியும் தெரிந்தது.

சங்கம் என்று சொல்வது வெறும் பேச்சுக்கு அல்ல. சிறுநரி வீரர், கடமான் கொம்பு வீரர், செங்கேடய வீரர், வில்நாண் வீரர், நாய் வீரர் என்று அவர்களுக்கு முறையான சங்கங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி உடை, தனிப் பாட்டு, தனி ஆட்டம். பிறப்பால் வருவதல்ல, மகன் அப்பாவின் சங்கத்தில் சேரலாம், வேறொன்றிலும் சேரலாம். சண்டை மட்டும் அவர்கள் வேலை அல்ல. முகாம் இடம் பெயரும்போது ஒழுங்கு காப்பது, கூட்டமாகக் காட்டெருமை வேட்டைக்குப் போகும்போது எவனாவது அவசரப்பட்டு முன்னால் ஓடி மந்தையைக் கலைத்துவிடாமல் தடுப்பது, கலைத்தால் சவுக்கடி கொடுப்பது, இதெல்லாம் சங்கத்தின் பொறுப்பு. மக்களை ஆளுவது 44 பேர் கொண்ட சமாதானத் தலைவர்கள் சபை. ஆயுதம் பிடித்தவன் கையில் அதிகாரம் முழுவதையும் கொடுத்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இவற்றில் நாய் வீரர்கள் பெயர் பெற்றவர்கள். அவர்களில் மிகத் துணிந்த நால்வருக்கு மட்டும் ஒரு தனி அணிகலன் உண்டு. பதப்படுத்திய தோலால் ஆன எட்டு, பத்து அடி நீள வார். தலை நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. தோளில் மாட்டிக்கொண்டால் மீதி தரையில் இழுபடும். அதன் நுனியில் ஒரு முளைக்குச்சி. அதற்கு நாய்க்கயிறு என்று பெயர். போரில் தன் ஆட்கள் பின்வாங்க வேண்டிய நெருக்கடி வந்தால், இவன் குதிரையை விட்டு இறங்கி, முளையைத் தரையில் அடித்துத் தன்னைத் தானே கட்டிக்கொள்வான். மற்றவர்கள், பெண்கள், பிள்ளைகள் தப்பிப் போகிறவரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டான். முளையை அவனே பிடுங்கக் கூடாது. சங்கத்துத் தோழன் ஒருவன் வந்து பிடுங்கி, நாயை விரட்டுவது போல் சவுக்கால் தட்டி விரட்டினால்தான் போகலாம். தோழன் வரவில்லை என்றால், அங்கேயே முடிவு.

இந்தப் பொம்மையில் தோளிலிருந்து தொங்குகிறதே, அதுதான் நாய்க்கயிறு. மருந்துக் கடை பேண்டேஜ் துணி. முளை, வெட்டிய குண்டூசி. உடம்பு தாமிரக் கம்பி மேல் எம்-சீல். ஆமாம், குழாய் ஒழுகலுக்கு அடைக்கிற அதே எம்-சீல்தான். உயரம் 54 மில்லிமீட்டர். பொம்மை வீரர் சேகரிப்பவர்களிடையே நெடுங்காலமாக வழங்கும் அளவு அது. 5 அடி 8 அங்குல ஆளை 32-ஆல் வகுத்தால் கிடைப்பது. இங்கிலாந்தில் 1893-இல் பிரிட்டன் கம்பெனி உள்ளே கூடான ஈயப் பொம்மைகளை வார்க்கத் தொடங்கியதிலிருந்து இந்தப் பொழுதுபோக்கு உலகமெல்லாம் பரவியது. கடையில் வாங்குவதை விட்டுவிட்டு நானே செய்யத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. வாங்கும்போது கண் பார்க்கும். செய்யும்போது கை கேள்வி கேட்கும். வார் எந்தத் தோளில்? முடிச்சு எங்கே? பதில் தெரியாமல் கம்பியை வளைக்க முடியாது.

ஒரு எல்லையும் வைத்திருக்கிறேன். அவர்கள் புனிதமாகக் கருதும் பொருள்களைப் பொம்மையாகச் செய்வதில்லை. நம் ஊர்க் கோயில் உற்சவரை எவனாவது பிளாஸ்டிக்கில் அச்சடித்துப் பையில் கட்டி விற்றால் நமக்கு எப்படி இருக்கும்? அவர்கள் கதையில் வருகிற மக்கள் மட்டுமல்ல. மொன்டானாவிலும் ஓக்லஹோமாவிலும் இன்றும் வாழ்கிறார்கள். 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவில் சாண்ட் கிரீக் ஓடைக் கரையில், சமாதானம் பேசிவிட்டு முகாமிட்டிருந்த செயென், அரப்பாஹோ மக்களைப் படையினர் தாக்கியதில் சுமார் 230 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். இது தெரிந்த பிறகு திருவிழாக் கடைப் பையை முன்போல் பார்க்க முடியவில்லை.

நம் பக்கத்து வீரர்

சரி, "சேலத்துக்காரன் எதுக்கப்பா அமெரிக்கா போறே, நம்மகிட்ட இல்லாத வீரனா?" என்று என் தமிழாசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

உயிரைப் பணயம் வைத்துச் சபதம் செய்த படைகள் நம்மிடமும் உண்டு. பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குப் பாண்டியனின் ஆபத்துதவிகளைத் தெரியும். சோழர் காலத்தில் வேளைக்காரப் படைகள் இருந்தன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அவர்கள் பெயர் வருகிறது. குறித்த வேளையில் உயிர் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். இலங்கையில் பொலன்னறுவையில் 12-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, புத்தரின் பல் வைத்திருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரர் ஏற்றுக்கொண்டதைச் சொல்கிறது. இவர்களும் செயென் வீரரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இவர்கள் அரசனுக்குக் கட்டுப்பட்டவர்கள். அவர்கள் தம் மக்களுக்கு. எஞ்சினியர் பாஷையில், சுமை ஒன்று, கட்டுமானம் வேறு.

ஆனால் செயென் வீரனுக்கு நெருங்கிய சொந்தக்காரன் அரண்மனையில் இல்லை, நம் வயற்காட்டு வரப்பில் நிற்கிறான். நடுகல்லைத்தான் சொல்கிறேன்.

அவர்களுக்குச் செல்வம் குதிரை. நம் முன்னோருக்குச் செல்வம் மாடு. அங்கே குதிரை கவர்வது வீரம்; இங்கே ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கும், புலியோடு மல்லுக்கட்டி மாண்டவனுக்கும் ஊர் கூடிக் கல் நட்டது. கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து நீராட்டி, நட்டு, படையல் வைத்து வாழ்த்துவது வரை தொல்காப்பியம் படிப்படியாக வேலைமுறை சொல்கிறது. இதைவிடச் சுருக்கமான ஒர்க் ஷெட்யூல் நான் பார்த்ததில்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. ஒன்று கூடலூர் ஆகோளைக் குறிப்பிடுகிறது. ஆகோள் என்றால் மாடு பிடிக்கும் சண்டைதான்.

எழுத்துள்ள நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த இடம் எது தெரியுமா? நம் பக்கம்தான். பழைய சேலம் மாவட்டத்திலிருந்து 1965-இல் பிரிந்த தருமபுரியும், அதை ஒட்டிய செங்கம் பகுதியும். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் "செங்கம் நடுகற்கள்" என்று ஒரு நூலே வெளியிட்டது. தருமபுரிப் பக்கம் வேடியப்பன் என்று சனங்கள் கும்பிடுகிற சாமி பல இடத்தில் நடுகல் வீரனேதான். சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் புலிகுத்திக் கற்கள் உண்டு.

இந்தக் கற்களின் வாசகத்தில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம். முதலில் ராஜா பெயரும் அவருடைய ஆட்சியாண்டும் வரும். ஆனால் அது தேதி போடுவதற்காக மட்டும். கல் ராஜாவுக்கு அல்ல, அவருக்குக் கீழே யாருக்கோ கீழே வேலை பார்த்த ஒரு சேவகனுக்கு. கொல்லிமலை ஆண்ட வல்வில் ஓரிக்குச் செம்மேட்டில் சிலை இருக்கிறது. ஆடி 17, 18-இல் அரசு விழா நடக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் ஓரியோடு சண்டைக்குப் போய்த் திரும்பாதவனுக்கு எங்கே சிலை? அவன் மாதிரி ஆளுக்கு இருப்பது இந்தக் கல் ஒன்றுதான்.

இப்போது இரண்டாவது பொம்மையைப் பாருங்கள். ஒரு வீரன், பக்கத்தில் ஒரு நாய். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல்லைப் பார்த்துச் செய்தது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டு, அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமை மந்தையைக் காக்கும்போது பட்டான் என்று கல் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. அவனுடைய நாய் இரண்டு திருடர்களைக் கடித்துவிட்டு அவனருகே காவல் நின்றதாம். அந்த நாயின் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள்: கோவிவன். 1400 ஆண்டுக்கு முன்னால் செத்துப்போன ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும்! என் தாத்தாவின் தாத்தா பெயர் எனக்குத் தெரியாது.

அங்கே நாயின் பெயரைத் தாங்கி நகராமல் நின்ற வீரன். இங்கே வீரன் விழுந்த பிறகும் நகராமல் நின்ற நாய். அதனால்தான் என் அலமாரியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்.

லெவல் புக்கில் ஒரு படம்

இனி என் தப்புக்கு வருகிறேன்.

மூன்றாம் ஆண்டு சர்வே கேம்ப்பில் எங்கள் பேராசிரியர் முதல் நாளே ஒன்று சொன்னார். "தம்பிகளா, செயின் தொலைஞ்சா வாங்கிக்கலாம், கருவி உடைஞ்சா என்கிட்ட திட்டு வாங்கிக்கலாம். பெஞ்ச் மார்க் கல்லை மட்டும் அசைச்சிடாதீங்க. அது போச்சுன்னா நாம எங்க நிக்கிறோம்னே தெரியாது." நோட்டில் எழுதிக்கொண்டேன். பரீட்சையிலும் எழுதினேன்.

2010-இல் ஆத்தூர் பக்கம் ஒரு கிராமச் சாலை அகலப்படுத்தும் வேலை. எனக்கு முதல் சைட். சாலை ஓரம் ஒரு வேப்ப மரத்தடியில் அரைவாசி புதைந்த ஒரு பலகைக் கல். எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள், குங்குமம். உற்றுப் பார்த்தால் கையில் வாளோடு ஒரு ஆள். காலடியில் கிண்டி மாதிரி ஏதோ ஒன்று. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பொழுது போகாமல், லெவல் புக்கின் கடைசிப் பக்கத்தில், பேக் சைட், ஃபோர் சைட் கட்டங்களுக்கு மேலேயே, அதைப் பென்சிலால் வரைந்தேன். பழக்க தோஷத்தில் அளவும் எடுத்தேன். தரைக்கு மேல் உயரம் 95 செ.மீ., அகலம் 60.

பக்கத்து வீட்டு ஆயா ஒருத்தர் சொம்போடு வந்தார். "எங்க வீரனாரு கண்ணு. மாடு கன்னு போட்டா மொதப் பாலு இவருக்குத்தான். எங்க மாமியா ஊத்துனாங்க, நானும் ஊத்துறேன்." கல்லில் எழுத்து இருந்ததா என்று எனக்குத் தெரியாது, பாதி மண்ணுக்குள். ஆனால் இது மாடு காத்தவனின் கல் என்பதை அந்த வீட்டுப் பெண்கள் எழுத்தில்லாமலே, பாலை ஊற்றி ஊற்றி ஞாபகம் வைத்திருந்தார்கள். அன்று எனக்கு அது உறைக்கவில்லை. நான் வந்தது சிறுபாலம் கட்ட.

பாலத்தின் பக்கச்சுவர் சரியாக அந்த இடத்தில் வந்தது. ஜே.சி.பி. ஓட்டுநர், "சார், இந்தக் கல்லு?" என்று கேட்டார். எனக்கு அன்று மாலைக்குள் அளவு காட்ட வேண்டிய நெருக்கடி. "எடுத்து ஓரமா வைப்பா, லெவல் பண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த குறுக்குச் சாலைக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை வந்தால் ஓரத்தில் கல் இல்லை. பாலத்துக்கு இரண்டு பக்கமும் மண், கல் எல்லாம் கொட்டி நிரவி உருளை ஓட்டியாகிவிட்டது. ஓட்டுநர் சொன்னார், "நீங்கதான் சார் லெவல் பண்ணச் சொன்னீங்க." அவர் மேல் தப்பில்லை. எந்த ஓரம் என்று நான் காட்டவில்லை. நின்று பார்க்கவும் இல்லை.

தோண்டச் சொல்லியிருக்கலாம். அரை நாள் வேலை. சொல்லத் துணிவு வரவில்லை; சொன்னால் எனக்குக் கெட்ட பெயர். ஆயா வந்து, "சாமி எங்க கண்ணு?" என்றார். "பத்திரமா எடுத்து வெச்சிருக்கோம் ஆயா, வேலை முடிஞ்சதும் நட்டுடுவோம்" என்றேன். அன்று சொன்ன பொய் அது. அடுத்த மாதம் எனக்கு வேறு சைட். போய்விட்டேன்.

எட்டு வருடம் கழித்து, 2018-இல், வேலை நிமித்தம் அமெரிக்காவின் டென்வர் நகரில் சில மாதம் இருக்க நேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்துக்குப் போவேன். அங்கே ஒரு பெரிய படப் புத்தகம் கையில் கிடைத்தது. 1869 ஜூலை 11 அன்று கொலராடோவில் சம்மிட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் நாய் வீரர்களின் முகாமைப் படையினர் பிடித்தபோது ஒரு கணக்குப் புத்தகம் அகப்பட்டது. வியாபாரிகள் வரவு செலவு எழுதும் கோடு போட்ட புத்தகம். அதில் வீரர்கள் தங்கள் சண்டைகளைத் தாங்களே வரைந்து வைத்திருந்தார்கள். அது இன்றும் கொலராடோ வரலாற்றுக் கழகத்தில் இருக்கிறது. யார் எந்தக் கேடயம், எந்தக் குதிரை, எந்த இறகு என்று அடையாளம் காணும் அளவுக்கு நுணுக்கம். அன்றைய சண்டையிலும் ஒரு வீரன் நாய்க்கயிற்றால் தன்னைத் தரையில் கட்டிக்கொண்டு நின்று மாண்டான் என்று சொல்கிறார்கள்.

கணக்குக் கோடுகளுக்கு மேலே வரைந்த அந்த வீரனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு என் லெவல் புக் ஞாபகம் வந்தது. அவர்கள் கணக்குப் புத்தகத்தில் தங்கள் ஆளைக் காப்பாற்றி வைத்தார்கள். நானும் வரைந்தேன், வரைந்துவிட்டு மண்ணைப் போட்டு மூடினேன்.

"கல்லு எங்க?"

ஊர் திரும்பியதும் பரண் மேல் இருந்து லெவல் புக்கைத் தேடி எடுத்தேன். பென்சில் கோடு மங்கியிருந்தாலும் தெரிந்தது. அந்தப் படத்தையும் அளவையும் வைத்து எம்-சீலில் அந்த வீரனைச் செய்தேன். ஆறு வாரம் பிடித்தது. என் சேகரிப்பிலேயே நன்றாக வந்தது அதுதான். 2019 தைப் பொங்கல் கழித்து ஒரு நாள் அந்தக் கிராமத்துக்குப் போனேன். ஆயா இருந்தார், கண் மட்டும் கொஞ்சம் மங்கல். பொம்மையை உள்ளங்கையில் வைத்துத் தடவிப் பார்த்தார்.

"பொம்மை நல்லாருக்கு கண்ணு. கல்லு எங்க?"

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார், "அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்க நாலு பேரு சேந்து தோண்டியிருப்போமே."

நண்பர்களே, எனக்குக் கிடைத்த தண்டனைகளில் பெரியது அந்த ஒரு வாக்கியம்தான். கல்லைப் புதைத்தது அவசரம். பொய் சொன்னது கோழைத்தனம். முளையைப் பிடுங்க வரவேண்டிய தோழன் வரவே இல்லை என்ற கதைதான் இது. வரவேண்டிய தோழன் நான்.

அதன் பிறகு என்னால் ஆனதைச் செய்தேன். பழைய வரைபடத்தை வைத்து அந்தக் கல் கிடக்கக்கூடிய இடத்தை, சாலையின் எத்தனையாவது மீட்டர், எந்தப் பக்கம், உத்தேசமாக எவ்வளவு ஆழம் என்று குறித்து, லெவல் புக் பக்கத்தின் நகலோடு பஞ்சாயத்துக்கும், சாலைக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கும், தொல்லியல் துறைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்றைக்காவது அந்தப் பாலத்தை இடித்துக் கட்டுவார்கள். அன்றைக்கு அந்தக் காகிதம் கோப்பில் இருக்க வேண்டும் என்பதே என் பிரார்த்தனை. ஆயா இன்னும் பாலத்துக் கட்டை மேல் பால் ஊற்றுகிறாராம்.

ஒரு வேண்டுகோள்

பொம்மை சேர்ப்பது நல்ல பழக்கம். கண்ணைக் கூர்மையாக்கும், பொறுமை தரும். மாணவர்களுக்கு நான் சிபாரிசே செய்வேன். ஆனால் பொம்மை கல்லுக்கு ஈடாகாது. இதை நான் ஒரு கிழவியிடம் கற்றுக்கொண்டேன்.

இந்த அரங்கில் இருப்பவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு விதத்தில் மண்ணைத் தோண்டுகிறவர்கள். சாலை, காற்றாலை, கல்குவாரி, வீட்டுமனை, குழாய்ப் பதிப்பு. தொல்லியல் அறிஞர் வருவதற்கு முன்னால் அந்த இடத்துக்கு முதலில் போகிறவன் நம்ம ஆள்தான். ஆகவே சிலவற்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

சைட்டில் உருவமோ எழுத்தோ உள்ள கல் தென்பட்டால், எந்திரத்தை அந்த இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். காலை அல்லது மாலைச் சாய்ந்த வெயிலில் படம் எடுங்கள்; உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. எழுத்து தெரியட்டும் என்று சுண்ணாம்பு தடவுவது, கம்பியால் சுரண்டுவது, பெயிண்ட் அடிப்பது வேண்டாம். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். இடத்தைக் கைப்பேசி குறித்துக் கொடுக்கும். ஊர்ப் பெரியவர்களிடம், முக்கியமாகப் பெண்களிடம், அதற்கு என்ன பெயர், என்ன படைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வி.ஏ.ஓ. வழியாகத் தாசில்தாருக்கும், தொல்லியல் துறைக்கும் தகவல் கொடுங்கள். ஊர் கும்பிடுகிற கல் என்றால் ஊரைக் கேட்காமல் அசைக்காதீர்கள். எல்லாம் சேர்ந்து ஒரு நாள் தாமதமாகும். எனக்கு அந்த ஒரு நாளின் விலை தெரியும்.

நம் சங்கத்துக்கும் ஒரு யோசனை. சந்தா கட்டுவதும், ஆண்டுக்கொரு முறை பிரியாணி சாப்பிடுவதும் மட்டும் சங்கம் ஆகாது என்பதைச் செயென்காரர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு ஆண்டும் சர்வே கேம்ப் போகும் மாணவர்கள், போகிற ஊரில் உள்ள நடுகற்களை இடம், அளவு, படத்தோடு ஒரு பதிவேட்டில் ஏற்றட்டும். வழிச்செலவைச் சங்கம் ஏற்கட்டும். முதல் பதிவேட்டின் முதல் பக்கத்துக்கு என் பழைய லெவல் புக்கைக் கல்லூரிக்கே கொடுத்துவிடுகிறேன். அதில் மற்ற பக்கங்களில் உள்ள கூட்டல் தவறுகளைப் பேராசிரியர்கள் பெரிய மனதோடு மன்னிக்க வேண்டும்.

எங்கள் பேராசிரியர் சொன்ன பெஞ்ச் மார்க் கல் எது என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. எருமை மேய்த்த ஒருவனுக்கும், அவனோடு நின்ற ஒரு நாய்க்கும் பெயர் வெட்டி வைத்த ஊர் நம் ஊர். அந்தப் பெயர்கள் நம் தலைமுறையில், நம் எந்திரத்தின் அடியில் தொலைய வேண்டாம்.

 சாப்பாடு தயார் என்று செயலாளர் கை காட்டுகிறார்.